புது டிவிடி டிரைவ்: ட்ரே திறக்கிறது, லேப்டாப் மட்டும் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது

அரைத்தட்டு (கேள்வி):

வணக்கம். 2009 மாடல் லேப்டாப். விண்டோஸ் 7-இல் இருந்து 10-க்கு அப்கிரேடு செய்தது. பழைய டிவிடி டிரைவ் சிடியைப் படிக்கும். டிவிடியைப் போட்டால் நாலு முறை சுற்றிப் பார்த்துவிட்டு நின்றுவிடும். வேறொரு லேப்டாப்பில் இருந்து கழற்றிய 12.7 மி.மீ. உயரமுள்ள சாட்டா (இணைப்பு வகை) டிரைவை அதன் இடத்தில் போட்டிருக்கிறேன். முன்பக்கப் பிளாஸ்டிக் மூடியைப் பழையதில் இருந்து எடுத்து மாட்டியாயிற்று.

இப்போதைய நிலவரம்: பட்டனை அழுத்தினால் ட்ரே வருகிறது, விளக்கும் மினுக்குகிறது. ஆனால் பயாஸ் (விண்டோஸ் ஏறும் முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) காட்டும் பூட் பட்டியலில் டிரைவின் பெயர் ஒரு தடவை வருகிறது, அடுத்த தடவை இல்லை. பெயர் வந்தால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 39 (டிரைவரை ஏற்ற முடியவில்லை என்ற பிழை எண்). டிரைவ் எழுத்து எதுவும் கிடைப்பதில்லை. பெயர் வராவிட்டால் டிவைஸ் மேனேஜரில் அந்தப் பிரிவையே காணோம்.

டிரைவரை (டிரைவை இயக்கும் மென்பொருளை) அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தேன், டிரைவைக் கழற்றி மறுபடி மாட்டினேன், பயாஸை டீஃபால்ட்டுக்குக் கொண்டுபோனேன். எதிலும் மாற்றம் இல்லை. இன்னொன்று, இது முக்கியமா என்று தெரியவில்லை: லேப்டாப்பின் அடியில் டிரைவைப் பிடிக்கிற ஒற்றை ஸ்க்ரூ எதையும் பிடிக்காமல் சும்மா சுற்றுகிறது. அதனால் போடாமலே விட்டிருக்கிறேன்.

டிரைவ் கெட்டதா, மதர்போர்டா, விண்டோஸா? எங்கே தொடங்குவது?

திருப்புளி:

போகிறபோக்கில் கடைசியாக ஒன்று சொன்னீர்களே, அந்த ஸ்க்ரூ, பாதி பதில் அதில்தான் இருக்கிறது.

பழைய டிரைவின் பின்பக்கத்தைப் பாருங்கள். கனெக்டர் இருக்கும் பக்கத்தில், ஒரு மூலையில் சின்னதாக மடித்த தகடு ஒன்று இரண்டு ஸ்க்ரூவால் பிடித்திருக்கும். அடியில் இருந்து வரும் ஒற்றை ஸ்க்ரூ டிரைவின் உடம்பைப் பிடிப்பதில்லை. இந்தத் தகட்டில் உள்ள துளையைத்தான் பிடிக்கிறது. ஒரே உயரமும் ஒரே கனெக்டரும் இருந்தால் டிரைவ் பெரும்பாலும் லேப்டாப்புகளுக்குப் பொது. தகடும் முன்மூடியும் மட்டும் அந்தந்த மாடலுக்கு உரியவை. மூடியை மாற்றியிருக்கிறீர்கள், தகட்டை மறந்துவிட்டீர்கள். கழற்றிய டிரைவில் வேறு மாடலின் தகடு இருந்தாலும் துளை நேராக வராது.

தகடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றால், டிரைவ் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு முறை ட்ரேயை இழுக்கும்போதும் டிரைவே சேர்ந்து கொஞ்சம் நகரும். ஸ்லிம் சாட்டா கனெக்டரில் டேட்டாவுக்கு 7 பின், மின்சாரத்துக்கு 6 பின். அந்த ஆறில் முதல் பின் ‘இங்கே டிரைவ் இருக்கிறது’ என்று போர்டுக்குச் சொல்வதற்கானது. அதை மற்றவற்றைவிடக் கட்டையாகவே செய்திருப்பார்கள், கடைசியாகத் தொட வேண்டும் என்பதற்காக. 5 வோல்ட் பின்னும் கிரவுண்டும் தொட்டுவிடும், இந்தக் கட்டைப் பின் தொடாது. ட்ரே வரும், விளக்கு எரியும், லேப்டாப்போ பெட்டி காலி என்று நினைக்கும். உங்கள் ‘ஒரு தடவை வரும், ஒரு தடவை வராது’ இதற்கு அப்படியே பொருந்துகிறது. போர்டு கெட்டிருந்தால் இப்படிக் கண்ணாமூச்சி ஆடுவது குறைவு, பெரும்பாலும் ஒரேயடியாக இருக்காது.

செய்யும் முறை: ஷட்டவுன் கொடுங்கள் (ஸ்லீப் போதாது), சார்ஜரைப் பிடுங்குங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பழைய டிரைவின் தகட்டைப் புதியதற்கு மாற்றுங்கள். அந்த ஸ்க்ரூ பெரும்பாலும் 2 மி.மீ. விட்டம், 3 மி.மீ. நீளம். டப்பாவில் கிடக்கும் நீளமான ஸ்க்ரூவைப் போடாதீர்கள். தகட்டுக்குப் பின்னால் உடனே டிரைவின் சர்க்யூட் போர்டு இருக்கிறது, குத்திவிடும். டிரைவை உள்ளே தள்ளும்போது மூடியின் நடுவில் அழுத்தாமல் இரண்டு ஓரங்களிலும் கட்டைவிரலை வைத்துத் தள்ளுங்கள். கடைசி மில்லிமீட்டரில் லேசாக ஒரு எதிர்ப்பு, பிறகு ‘டக்’. அடித்துளையில் டார்ச் அடித்தால் தகட்டின் மரை நேராகத் தெரிய வேண்டும். பாதி நிலா மாதிரி தெரிந்தால் இன்னும் உட்காரவில்லை.

தகடு மாற்றியும் ‘டக்’ வரவில்லை என்றால் முன்மூடியைச் சந்தேகப்படுங்கள். மூடி சரியாகப் பதியாமல் லேப்டாப்பின் ஓரத்தில் இடித்துக்கொண்டிருந்தாலும் டிரைவ் உள்ளே போகாது. மூடியின் பட்டன் டிரைவின் சின்ன சுவிட்சை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்படி இருந்தால் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் ட்ரே தானாக வெளியே வரும்.

தகரடப்பா:

இவ்வளவு எதற்கு? பயாஸில் சாட்டா மோடை, அதாவது டிரைவ்களோடு போர்டு பேசும் முறையை, ஏஎச்சிஐ-யில் இருந்து ஐடிஇ-க்கு மாற்றிப் பாருங்கள். பழைய டிரைவ்களுக்கு அதுதான் ஒத்துவரும். இல்லையென்றால் விண்டோஸைத் திரும்பப் போட்டுவிடுங்கள், கோட் 39 போய்விடும்.

நீலத்திரை:

தகரடப்பா, அந்த மோடை யோசிக்காமல் மாற்றச் சொல்லாதீர்கள். அது ஹார்ட் டிஸ்கையும் சேர்த்தே மாற்றும். விண்டோஸ் ஒரு மோடில் இன்ஸ்டால் ஆகியிருக்கும்போது மற்றதற்கு மாற்றினால் பூட் ஆகும் வழியிலேயே நீலத்திரை வந்து நிற்கும். டிவிடி டிரைவைச் சரிசெய்யப் போய் லேப்டாப்பே எழும்பாமல் போகும். அரைத்தட்டு, நீங்கள் பயாஸை டீஃபால்ட்டுக்குக் கொண்டுபோன பிறகும் விண்டோஸ் எழும்புகிறது. அப்படியென்றால் மோடு மாறவில்லை, அதை விட்டுவிடுங்கள்.

கோட் 39-க்கு விண்டோஸைத் திரும்பப் போடவும் தேவையில்லை. பயாஸில் பெயர் வருவது ஒரு பிரச்சினை, விண்டோஸ் டிரைவரை ஏற்ற மறுப்பது வேறொரு பிரச்சினை. திருப்புளி சொன்னதை முதலில் முடியுங்கள். ஐந்து முறை ஆன் செய்து ஐந்து முறையும் பயாஸில் பெயர் வந்த பிறகுதான் இதற்கு வாருங்கள். ஆடிக்கொண்டிருக்கும் கனெக்டரோடு ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) கை வைத்தால் எது சரியானது, எதனால் சரியானது என்றே தெரியாது.

சிடி, டிவிடி எழுதும் மென்பொருள்கள், மாய டிரைவ் உண்டாக்கும் மென்பொருள்கள் எல்லாம் விண்டோஸின் சிடி டிரைவருக்கு மேலேயும் கீழேயும் தங்கள் ஃபில்டரை (இடையில் நின்று வேலை செய்யும் சின்ன மென்பொருளை) செருகி வைக்கும். விண்டோஸ் 7 காலத்தில் போட்ட மென்பொருளை எடுத்துவிட்டாலும், அப்கிரேடில் அந்த ஃபைல் போய்விட்டாலும், ரெஜிஸ்ட்ரியில் பெயர் மட்டும் நிற்கும். விண்டோஸ் அந்தப் பெயரை நம்பி ஃபைலைத் தேடும், கிடைக்காது, டிரைவரையே ஏற்றாமல் விட்டுவிடும். 39 மட்டுமல்ல, 19, 31, 32, 41 வந்தாலும் இங்கேதான் முதலில் பார்ப்பது வழக்கம். அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தும் போகாததற்குக் காரணம், அந்தப் பெயர் தனி டிரைவின் மேல் இல்லை, சிடிராம் என்ற வகை முழுவதன் மேலும் எழுதியிருக்கிறது. எந்த டிரைவை மாட்டினாலும் இதே கதைதான்.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரை அட்மினாகத் திறந்து இந்த வழியில் போங்கள்: எச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், க்ளாஸ். அதற்குள் நீளநீளமான எண்களாக வரிசை கட்டி நிற்கும். 4டி36இ965 என்று தொடங்குவதுதான் நமக்கு வேண்டியது. வலப்பக்கத்தில் க்ளாஸ் என்ற வரிக்கு எதிரே சிடிராம் என்று இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

இங்கே நிதானம் வேண்டும். பக்கத்திலேயே முதல் பகுதி 967 என்று முடிவது ஹார்ட் டிஸ்குக்கு உரியது. சற்றுத் தள்ளி 96பி, அது கீபோர்டு. அவற்றிலும் இதே பெயரில் அப்பர் ஃபில்டர்ஸ் இருக்கும், அவை கட்டாயம் இருக்க வேண்டியவை. 967-இல் இருப்பதை அழித்தால் விண்டோஸ் பூட் ஆகாது, 96பி-யில் அழித்தால் கீபோர்டு வேலை செய்யாது. ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

965-இன் மேல் வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து டெஸ்க்டாப்பில் ஒரு நகல் வையுங்கள். பிறகு வலப்பக்கத்தில் அப்பர் ஃபில்டர்ஸ், லோயர் ஃபில்டர்ஸ் என்ற இரண்டு வரிகளையும் தேடுங்கள். ஒன்று மட்டும் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். அழிப்பதற்கு முன்னால் திறந்து உள்ளே என்ன பெயர் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டு ரீஸ்டார்ட். பிறகு ஏதாவது எழுதும் மென்பொருள் முறைத்துக்கொண்டால் அதை மட்டும் மறுபடி இன்ஸ்டால் செய்தால் போதும். தனக்கு வேண்டிய ஃபில்டரைத் தானே போட்டுக்கொள்ளும். கடைசியில் பேக் என்று ஒட்டிக்கொண்டிருக்கும் வரி இருந்தால் அதைத் தொட வேண்டாம், விண்டோஸ் அதைப் படிப்பதே இல்லை.

பயாஸில் ஒவ்வொரு முறையும் பெயர் வருகிறது, டிவைஸ் மேனேஜரில் மட்டும் முக்கோணம்கூட இல்லாமல் ஒன்றுமே தெரியவில்லை என்றால் அது வேறு. சர்வீசஸ் கிளைக்குள் ஏடிஏபிஐ, அதற்குள் கன்ட்ரோலர்0 என்று ஒரு கீ உண்டாக்கி, அதில் 32 பிட் டிவேர்டாக எனும்டிவைஸ்1 என்று, நடுவில் இடைவெளி விடாமல், பெயர் கொடுத்து மதிப்பு 1 போடுவார்கள். உங்களுக்கு முக்கோணம் வருவதால் இப்போதைக்கு அது வேண்டாம்.

திருப்புளி:

நீலத்திரை சொன்ன வரிசையோடு ஒன்று சேர்க்கிறேன். விண்டோஸா, வன்பொருளா என்று சந்தேகம் தீரவில்லை என்றால் லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமல் யுஎஸ்பியில் இருந்தே ஓடும் லினக்ஸ்) பூட் செய்து பாருங்கள். அங்கே எஸ்ஆர்0 என்ற பெயரில் டிரைவ் வந்து, ஒரு டிஸ்கும் திறந்துவிட்டால் கனெக்டர், போர்டு, டிரைவ் மூன்றுமே நன்றாக இருக்கின்றன. பழி விண்டோஸ் மேல். பத்து நிமிட வேலை.

இன்னொரு வழி, டிரைவை ஸ்லிம் சாட்டா யுஎஸ்பி கேபிளில் மாட்டி வேறு கம்ப்யூட்டரில் சோதிப்பது. நல்ல வழிதான், ஆனால் ஏமாற்றும். டிரைவின் லேபிளில் 5 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், பெரும்பாலும் 1.5-ஐ ஒட்டி இருக்கும். யுஎஸ்பி 2.0 போர்ட் தரவேண்டியது 0.5 ஆம்பியர்தான், 3.0 போர்ட் 0.9. டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் மின்சாரம் போதாமல் டிரைவ் ரீசெட் ஆகி ‘டொக் டொக்’ என்று மறுபடி மறுபடி ஆரம்பிக்கும். அதைப் பார்த்து நல்ல டிரைவைத் தூக்கிப் போட்டவர்கள் ஏராளம். இரண்டு யுஎஸ்பி முனை உள்ள கேபிளாக இருக்கட்டும்.

அரைத்தட்டு:

இருவருக்கும் நன்றி. தகடு பழையதில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். அடி ஸ்க்ரூ இறுகுகிறது. ஆறு முறை ஆன் செய்ததில் ஆறு முறையும் பயாஸில் பெயர் வந்தது. 965-க்குள் அப்பர், லோயர் இரண்டுமே இருந்தன. லோயரில் எப்போதோ எடுத்துவிட்ட ஒரு எழுதும் மென்பொருளின் பெயர். நகல் எடுத்துவிட்டு அழித்தேன். முக்கோணம் போய், டிரைவ் எழுத்து வந்துவிட்டது.

மீதி இரண்டு சந்தேகம். கடை சிடி, கடை டிவிடி (ஏற்கெனவே பதிந்து விற்பவை), ஒருமுறை எழுதும் டிவிடி எல்லாம் திறக்கின்றன. அழித்து எழுதும் டிவிடி மட்டும் சில சமயம் ‘டிஸ்கைப் போடுங்கள்’ என்கிறது. பட டிவிடியில் ஃபைல்கள் தெரிகின்றன, ஆனால் டபுள் கிளிக் செய்தால் படம் ஓடவில்லை. இந்த டிரைவும் பழையது மாதிரியே போகப்போகிறதா?

ஈயப்பற்று:

படம் ஓடாதது டிரைவின் குற்றமே இல்லை. ஃபைல்கள் தெரிகிறதென்றால் அதன் வேலை முடிந்தது. விண்டோஸ் 7-இன் ஹோம் பிரீமியமும் அதற்கு மேலானவையும் டிவிடி படத்தை ஓட்டும் டிகோடரோடு வந்தன. 8-இல் இருந்து அதை எடுத்துவிட்டார்கள். விஎல்சி என்ற பிளேயரைப் போட்டு, மீடியா மெனுவில் ‘ஓப்பன் டிஸ்க்’ வழியாகத் திறங்கள். ஃபைல்களில் ஒன்றை எடுத்து டபுள் கிளிக் செய்தால் படம் துண்டுதுண்டாகத்தான் வரும்.

அதோடு ரீஜன், அதாவது பட டிவிடி எந்த நாடுகளில் ஓடலாம் என்பதற்கான எண். கழற்றிய டிரைவ் என்பதால் முன்பு எங்கே எந்த ரீஜனில் இருந்ததோ அப்படியே இருக்கும். அந்த எண் டிரைவின் உள்ளேயே பதிந்திருக்கிறது, விண்டோஸில் இல்லை. டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பிராப்பர்ட்டீஸ், டிவிடி ரீஜன் டேபில் இப்போதைய ரீஜனும், இன்னும் எத்தனை முறை மாற்றலாம் என்பதும் தெரியும். மொத்தம் ஐந்து முறைதான். தீர்ந்துவிட்டால் கடைசியாக வைத்ததோடு பூட்டிக்கொள்ளும், விண்டோஸை மறுபடி போட்டாலும் திரும்பாது. சும்மா பார்க்கலாமே என்று மாற்றிவிடாதீர்கள். டேட்டா டிஸ்குக்கு ரீஜன் தொல்லை கிடையாது.

அழித்து எழுதும் டிஸ்க் விஷயம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. இரண்டும் தனித்தனி. உங்கள் பழைய டிரைவ் சிடியைப் படித்து டிவிடியை விட்டது 650 லேசர் தளர்ந்ததால் இருக்கலாம். அழித்து எழுதும் டிஸ்க் ஒளியைத் திருப்பி அனுப்புவது கடை டிஸ்கைவிட வெகு குறைவு. சிடியில் பார்த்தால் கடை சிடி 70 சதவீதத்துக்கு மேல், அழித்து எழுதும் சிடி 15 முதல் 25-க்குள். டிவிடியிலும் இந்த மாதிரி இறக்கம் உண்டு. அதனால் லேசர் தளரும்போதோ லென்ஸில் தூசி படியும்போதோ முதலில் திணறுவது இந்த வகைதான், அடுத்து இரண்டடுக்கு டிவிடி. கடை டிவிடி கடைசிவரை தாக்குப்பிடிக்கும்.

தூசியா லேசரா என்று பார்க்க முதலில் லென்ஸைத் துடையுங்கள். ட்ரேயைத் திறந்துவிட்டு லேப்டாப்பை அணையுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியைப் பிழிந்து, ஈரம் மட்டும் இருக்கும்படி, லென்ஸின் மேல் எடை கொடுக்காமல் ஒரு சுற்று. லென்ஸ் முடி போன்ற நான்கைந்து கம்பிகளில்தான் தொங்குகிறது; குச்சி பட்டதும் அது கீழே இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தால் அழுத்தம் அதிகம். காய்ந்த பஞ்சால் துடைத்தால் கீறல் விழும். ஊதாதீர்கள், எச்சில் துளி தூசியைவிட மோசம். லென்ஸுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு திருகு இருந்தால் அதன் மேல் திருப்புளி வைக்கவே வேண்டாம். அதைத் திருப்பி லேசர் பவரைக் கூட்டினால் ஒரு வாரம் நன்றாகப் படிக்கும், பிறகு ஒரேயடியாகப் போய்விடும்.

பிறகு ஓர் அளவுச் சோதனை. முழுதாக நிரம்பிய 4.7 ஜிபி கடை டிவிடி ஒன்றை ஹார்ட் டிஸ்குக்கு நகலெடுங்கள். டிவிடியில் ஒரு எக்ஸ் என்பது நொடிக்கு 1,385 கிலோபைட். அந்த வேகத்தில் முழு டிஸ்க் முடிய 57 நிமிடம். ஸ்லிம் டிரைவின் உச்சம் 8 எக்ஸ், அதுவும் வெளி ஓரத்தை நெருங்கும்போதுதான். நல்ல டிரைவ், நல்ல டிஸ்க் என்றால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அரைமணி நேரம் இழுத்து, நடுநடுவே வேகம் இறங்கி, சுழற்சிச் சத்தம் ஏறி இறங்கினால் படித்ததையே திரும்பத் திரும்பப் படிக்கிறது என்று பொருள். ஒரே டிஸ்கை வைத்து முடிவு கட்டாதீர்கள், இரண்டு மூன்று மாற்றிப் பாருங்கள். அழித்து எழுதும் டிஸ்க் தானே பழசாகியும் இருக்கலாம்.

வட்டத்தகடு:

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். என்னுடையது 2005 மாடல், ஐடிஇ (சாட்டாவுக்கு முந்தைய இணைப்பு வகை) டிரைவ். வேறொன்று மாட்டியதில் ஆன் செய்ததும் ஐடிஇ எரர் என்று நிற்கிறது, டிரைவைக் கழற்றினால் நன்றாக பூட் ஆகிறது. இதற்கும் தகடா?

ஈயப்பற்று:

இல்லை, உங்களுடையது மாஸ்டர், ஸ்லேவ் (ஒரே சேனலில் உள்ள இரண்டில் முதலாவது, இரண்டாவது) சண்டை. ஹார்ட் டிஸ்கும் டிவிடி டிரைவும் ஒரே ஐடிஇ சேனலில் இருக்கும் போர்டு என்றால், இரண்டுமே ‘நான்தான் மாஸ்டர்’ என்று நின்றால் இப்படித்தான். ஸ்லிம் ஐடிஇ டிரைவில் ஜம்பர் கிடையாது. 50 பின் கனெக்டரில் 47-ஆவது பின்தான் கேபிள் செலக்ட்: கிரவுண்டோடு சேர்ந்தால் மாஸ்டர், தனியே விட்டால் ஸ்லேவ். ஆனால் சில டிரைவ்கள் அந்தப் பின்னைக் கவனிப்பதே இல்லை, ஃபர்ம்வேரில் (டிரைவுக்குள்ளேயே பதிந்த மென்பொருளில்) மாஸ்டர் என்றோ ஸ்லேவ் என்றோ கட்டாயமாக எழுதியிருக்கும். வெளித்தோற்றத்தில் ஒரே மாடல், ஃபர்ம்வேர் மட்டும் வேறு என்பதும் உண்டு.

அதனால் பின்னில் சால்டர் வைப்பதற்கு முன், பழைய டிரைவ் எந்த நிலையில் இருந்தது என்பதை லேபிளில் பாருங்கள். சிலவற்றில் மாஸ்டர், ஸ்லேவ், கேபிள் செலக்ட் என்று அச்சடித்தே இருக்கும். அதே நிலையில் இருக்கும் டிரைவாகக் கேட்டு மாற்றிக்கொள்வதுதான் வலியில்லாத வழி. சாட்டா டிரைவை அங்கே மாட்ட முயல வேண்டாம், கனெக்டரே வேறு. உயரத்தையும் ஒரு தடவை அளந்துவிடுங்கள்: 12.7 மி.மீ. டிரைவ் 9.5 மி.மீ. பெட்டிக்குள் போகவே போகாது, 9.5 டிரைவ் 12.7-க்குள் போகும், ஆனால் 3.2 மி.மீ. இடைவெளியில் ஆடிக் கனெக்டரைச் சாய்த்துவிடும்.

அரைத்தட்டு:

லென்ஸைத் துடைத்தேன். நகல் சோதனை 12 நிமிடம், வேகம் எங்கும் இறங்கவில்லை. அழித்து எழுதும் டிஸ்கில் புதிதாக எழுதிய இரண்டும் திறக்கின்றன, பழைய ஒன்று மட்டும் இன்னும் அடம்பிடிக்கிறது. ரீஜனில் நான்கு முறை மிச்சம் காட்டுகிறது, தொடவில்லை. படம் விஎல்சியில் ஓடுகிறது.